மூன்று கிளாஸ், ஒரு மூக்கு

அத்தியாயம் 12

ஞாயிற்றுக்கிழமை ஹைதராபாத் கார்கானா பகுதியில் ஆக்னஸ் வீட்டு முன்னறையில் ஜூஸ் தட்டு ‘டக்’கென்று கீழே வைக்கப்பட்டதல்லவா, அந்தச் சத்தம் வியாழக்கிழமை காலை வரைக்கும் மாரெட்பள்ளியில் தியோடர் வீட்டில் ஓயவில்லை.

நடந்தது இவ்வளவுதான். பிராட்டஸ்டன்ட் கோயிலில் கல்யாணமா, கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணமா என்ற வழக்கு மூன்று வாரம் இழுத்து, பூசை அங்கே, விருந்து இங்கே என்று சமாதானமாகி, தேதி குறிக்கத்தான் குடும்பத்தோடு போயிருந்தார்கள். கணவர் இறந்த பிறகு அந்த வீட்டில் மாப்பிள்ளை ரயானும் அவன் அம்மா ஆக்னஸும் மட்டும்தான். உறை பிரிக்காத சோபாவில் எல்லாரையும் உட்காரவைத்து, ஆக்னஸ் திராட்சை ஜூஸ் கொடுத்தாள். மணப்பெண் ஜெமிமா கிளாஸை வாங்கினாள். குடிக்கவில்லை. மூக்கருகே கொண்டுபோய் ஒரு சுற்றுச் சுற்றி முகர்ந்தாள். தொழில் பழக்கம்.

“ஜூஸ்ல இல்ல ஆன்ட்டி. உங்க ரூம்லதான். ஈர அட்டைப்பெட்டி ஸ்மெல். செம ஸ்ட்ராங்” என்றாள், பாராட்டுகிற குரலில்.

அப்போதுதான் தட்டு கீழே வைக்கப்பட்டது. ஆக்னஸ் முகம் வெளுத்துப்போய், அரை நிமிஷம் அந்தப் பெண்ணையே பார்த்தாள். பிறகு, “முதல்ல இந்தப் பொண்ணோட மூக்கை டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. மத்ததை அப்புறம் பேசலாம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள், அவர்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

திரும்பும் ஆட்டோவிலேயே ஜெமிமாவின் அம்மா லோயிஸ் அதற்கு உரை எழுதிவிட்டாள்.

“மூக்கு சரின்னா அவ வீடு நாறுதுன்னு அர்த்தம். கல்யாணம் கிடையாது. மூக்கு தப்புன்னா அவ வீடு நாறல. கல்யாணம் உண்டு. வேற என்ன அர்த்தம் இருக்கு இதுக்கு?”

அவள் கணவர் தியோடருக்கு வேறு அர்த்தம் எதுவும் தோன்றவில்லை. ரயில்வே ஸ்டோர்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். மேலிடத்திலிருந்து வரும் வாக்கியங்களுக்கு இன்னொரு அர்த்தம் இருக்கலாம் என்று நினைத்துப் பழக்கமில்லை.

இதில் இன்னொரு சிக்கல். ஜெமிமாவுக்குச் சம்பளமே அந்த மூக்குக்குத்தான். மல்லாபூரில் ஒரு கம்பெனி. போர்ச்சுக்கலிலிருந்து மரப்பட்டைத் தக்கைகளை மூட்டை மூட்டையாக வரவழைத்து, பெயர் அச்சடித்து, மெழுகு பூசி, நாசிக் பக்கத்து ஒயின் ஆலைகளுக்கு அனுப்புகிறது. அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் சில தக்கைகளை எடுத்து, அளந்து, இழுத்து, நசுக்கிப் பார்ப்பார்கள். கடைசியில் ஜாடியில் ஒருநாள் ஊறவைத்து அந்தத் தண்ணீரை முகர்வார்கள். சில தக்கைகளில் ஒரு நாற்றம் ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. பாட்டிலில் போட்டு அடைத்தால் ஒயினையே கெடுத்துவிடும். அதைக் கண்டுபிடிக்கிற மூக்குகளில் முதல் மூக்கு ஜெமிமாவுடையது.

கோயிலில் யாராவது கேட்டால் லோயிஸ், “பேக்கேஜிங்ல இருக்கா” என்பாள்.

அந்த மூக்குதான் போன வாரம் ஒரு பெரிய சரக்கை நாறுகிறது என்று நிறுத்திவிட்டது. அதே சரக்கை வெளி லேப் மிஷின் சுத்தம் என்று சொல்லிவிட்டது. மேனேஜர் ராமச்சந்திரன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை ஜெமிமாவுக்கு மூக்குப் பரீட்சை என்று அறிவித்தார். தேறினால் சரக்கு குப்பைக்கு, ஜெமிமாவுக்கு வேலை நிரந்தரம். தேறாவிட்டால் சரக்கு நாசிக்குக்கு, ஜெமிமா வீட்டுக்கு.

ஆகவே, மூக்கு ஜெயித்தால் வேலை நிலைக்கும், கல்யாணம் போகும். மூக்கு தோற்றால் கல்யாணம் நடக்கும், வேலை போகும்.

தியோடர் இதை எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் ஒரே மாதிரிதான் இருந்தது.

காலை ஜெபத்தில் மூவரும் முழங்காலில் நின்றார்கள். லோயிஸ் கண்ணை மூடி, “கர்த்தாவே, என் பிள்ளைக்கு இன்னைக்கு ஒண்ணும் தெரியாமப் போகட்டும்” என்று உரக்கவே ஜெபித்தாள். தியோடர் மனதுக்குள், அவளுக்கு எல்லாம் தெரியட்டும் என்று ஆரம்பித்து, ரயானின் நல்ல முகம் ஞாபகம் வந்ததால் பாதியில் நிறுத்தி, உமக்குச் சித்தமானபடி என்று முடித்துக்கொண்டார். ஜெமிமா என்ன கேட்டாள் என்பது தெரியவில்லை. அவள் ‘ஆமென்’ மட்டும் சத்தமாகச் சொன்னாள்.

லோயிஸ் தேவனை மட்டும் நம்பிச் சும்மா இருக்கிறவள் இல்லை. காலைப் பலகாரத்துக்குப் பச்சைப் பூண்டுச் சட்னி அரைத்திருந்தாள். காபி ஆற்றுகிற மணம் தெருமுனைவரை போயிருக்கும். மகளின் கைக்குட்டையில் தைலம் தடவி மடித்து வைத்திருந்தாள்.

“மம்மி, டெஸ்ட் அன்னைக்கு காபி கூடாது, பூண்டு கூடாது, பவுடர்கூடக் கூடாதுன்னு தெரியும்லா?”

“சும்மா ஒரு வாய் சாப்பிடு ஏட்டி. வெறும் வயித்தோட போவாளா யாரும்?”

“நக்கோ மம்மி, வேண்டாம். தண்ணி போதும்.” கைக்குட்டையை இரண்டு விரலால் எடுத்து அம்மாவிடமே நீட்டினாள். “இதை டாடிக்குக் குடுங்க. முட்டுக்குத் தடவிக்கிடுவாங்க.”

அவள் செருப்பு மாட்டப் போனதும் லோயிஸ் கணவரை அடுக்களைக்குள் இழுத்தாள்.

“கேட்டியளா? தார்நாக்கா பக்கம் லாரி நிறைய போகும். நல்லாப் புகை விடுத லாரியாப் பாத்து அதுக்குப் பின்னாலேயே ஓட்டுங்க. ஒரு லாரியும் முந்தக் கூடாது.”

“லோயிஸ், அவளுக்கு வேலை போயிருமே.”

“வேலை வேற கிடைக்கும். ரயான் மாதிரி பையன் எந்தக் கம்பெனியில வேக்கன்ஸி?”

தியோடர் ஸ்கூட்டரை எடுத்தார். தார்நாக்காவில் ஜல்லி லாரி ஒன்று, லோயிஸின் ஜெபத்துக்கு நேரடிப் பதிலைப் போலக் கறுப்பாகப் புகைந்துகொண்டு முன்னால் வந்து சேர்ந்தது. தியோடர் அதன் பின்னாலேயே போனார். ஹப்சிகூடாவரை போனார். அவருக்குத்தான் கண் எரிந்தது.

“டாடி.”

“என்னட்டி?”

“லாரிக்காரன் ரெண்டு தடவை கை காட்டிட்டான். முந்துங்க.”

“மெதுவாப் போறது நல்லதுன்னு…”

“மம்மி சொன்னாங்களா?”

தியோடர் முந்தினார். கண்ணாடியில் பார்த்தபோது ஜெமிமா சிரித்துக்கொண்டிருந்தாள். நாச்சாரம் வளைவில் மறுபடி பார்த்தபோது அவள் சிரிப்பு நின்றிருந்தது. ஹெல்மெட்டுக்குள் உதட்டைக் கடித்துக்கொண்டு எங்கோ பார்த்தாள்.

“ஜெமி, உனக்கு எது நடக்கணும்னு நீயாவது சொல்லு. நான் அதுக்கு ஜெபம் பண்ணுதேன்.”

“ரெண்டும், டாடி” என்றாள்.

கம்பெனி வாசலில் ரயான் காத்திருந்தான். தலையில் எண்ணெய் இல்லை, சட்டையில் சென்ட் இல்லை, முகத்தில் தூக்கம் இல்லை. ஆக்னஸ்தான் அனுப்பியிருந்தாள். “நீ கூட இருந்து பாத்துட்டு வா. எனக்குக் கரெக்டாத் தெரியணும்” என்று சொன்னாளாம். ஓட்டு எண்ணும் இடத்துக்குக் கட்சிக்கு ஓர் ஏஜென்ட் போவதுபோல, மாப்பிள்ளை வீட்டுக்கு ரயான், பெண் வீட்டுக்கு தியோடர்.

“குட்மார்னிங் அங்கிள். ஆல் த பெஸ்ட்.”

“எதுக்கு?” என்று தியோடர் உண்மையாகவே கேட்டார்.

ரயான் யோசித்தான். “தெரியல அங்கிள்.”

பரீட்சை அறைக்கு முன்னால் நஸ்ரின் நின்றிருந்தாள். ஜெமிமாவோடு முகர்கிறவள். தியோடரைத் தாண்டிப் போனவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

“யா அல்லா, நாப்தலீன்! கைக்கு அங்கிள், ஏன்? இன்னைக்கா இந்த ஷர்ட்?”

நல்ல காரியங்களுக்கென்று பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்திருக்கும் சட்டை அது. எது நல்ல காரியம் என்பதில்தான் குழப்பமே தவிர, சட்டையில் இல்லை. நஸ்ரின் அவருக்கு ஒரு வெள்ளைக் கோட்டைக் கொடுத்து, சட்டையைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, வெளியே கொண்டுபோய் வைத்தாள். கோட்டை மாட்டியதும் தியோடருக்குத் தானும் ஏதோ கண்டுபிடிக்கப்போகிறவர் மாதிரி ஒரு நிமிர்வு வந்தது.

ராமச்சந்திரன் கோயம்புத்தூர்க்காரர். ஹைதராபாத் வந்து கொஞ்ச காலம்தான். வருகிறவர்களை முதலில் ஓர் அடி தள்ளி நின்று மூச்சிழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கை கொடுப்பார்.

“வாங்க சார், உக்காருங்க. சிம்பிள் டெஸ்ட்தானுங்க. ஒரு தட்டுல மூணு கிளாஸ். ரெண்டு கிளாஸ்ல நல்ல தக்கை ஊறின தண்ணி, ஒண்ணுல கெட்டது. இல்லாட்டி ரெண்டு கெட்டது, ஒண்ணு நல்லது. எந்தக் கிளாஸ் வேறன்னு சொல்லணும். தெரியலன்னாலும் ஏதாவது ஒண்ணைச் சொல்லியே ஆகணும். ஒன்பது தட்டு. ஆறுக்கு மேல சரியாச் சொன்னா பாஸுங்க.”

முகரும் அறை ஒரு சின்னக் கண்ணாடிக் கூண்டு. ரயில்வே டிக்கெட் கவுன்ட்டர் மாதிரி ஒரு சிறு ஜன்னல். நஸ்ரின் அதன் வழியாகத் தட்டை உள்ளே தள்ள வேண்டும். எது வேறு என்பது நஸ்ரினுக்கும் தெரியாது. ராமச்சந்திரன் கையிலிருக்கும் அட்டைக்கு மட்டும் தெரியும். இவர்கள் மூவரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.

முதல் தட்டு உள்ளே போனது. ஜெமிமா மூடியை விலக்கி, சட்டென்று ஒருமுறை முகர்ந்து, மூடினாள். அடுத்தது. அடுத்தது. பிறகு தன் முழங்கையின் உள்மடிப்பை முகர்ந்தாள்.

“அது எதுக்கு?” என்று தியோடர் கிசுகிசுத்தார்.

“மூக்கு தன் சொந்த வாசனைக்குத் திரும்பி வரணும்ல சார். அழிச்சுட்டு மறுபடி எழுதற மாதிரி.”

தியோடரும் தன் முழங்கையை முகர்ந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

“நடுவுல இருக்கிறது” என்றாள் ஜெமிமா.

ராமச்சந்திரன் அட்டையில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

தியோடர் அது துக்கமா சந்தோஷமா என்று பார்ப்பதற்குள் இரண்டாவது தட்டு போய்விட்டது. பெருக்கல். மூன்றாவதுக்கும் பெருக்கல். ரயான் தியோடரின் கையைப் பிடித்தான். ஆறுதலா, வாழ்த்தா என்று பிடித்தவனுக்கே தெரியாது. நான்கு. ஐந்து. தட்டுகள் போகப் போக ஜெமிமா அதிக நேரம் எடுத்தாள். ஏழாவதில் முதல் கிளாஸை மூடிய பிறகு ஒருமுறை கண்ணாடிப் பக்கம் திரும்பி ரயானைப் பார்த்தாள். பிறகு, “கடைசி” என்றாள். பெருக்கல்.

ஒன்பதும் பெருக்கல்.

தியோடர் கடமை தவறாத ஏஜென்ட். போனை எடுத்து மனைவிக்கு அனுப்பினார்: “ஒன்பதும் தப்பு. ஸ்தோத்திரம்.” அனுப்பிய பிறகுதான், ஸ்தோத்திரத்தைப் போட்டிருக்க வேண்டுமா என்று சந்தேகம் வந்தது. மகளுக்கு வேலை போய்விட்டதே.

ராமச்சந்திரன் மட்டும் பேனாவை மூடாமல் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், நீங்க கொஞ்சம் உள்ள போய் உக்கார்றீங்களா?”

“நானா?”

“சும்மா. ஒன்பது தட்டுதான்.”

“எனக்கு மூக்கே கிடையாது சார். வீட்டுல கேஸ் லீக் ஆனாக்கூட லோயிஸ்தான் சொல்லணும்.”

“அதுதானுங்க வேணும்.”

தியோடர் கூண்டுக்குள் உட்கார்ந்தார். தட்டு வந்தது. முகர்ந்தார். தண்ணீர். இரண்டாவது கிளாஸ், தண்ணீர். மூன்றாவதும் தண்ணீர். முழங்கையை முகர்ந்தார். முழங்கை. தொடக்கத்துக்குத் தொடக்கமே இருக்கட்டும் என்று, “முதல் கிளாஸ்” என்றார். அடுத்த தட்டுக்கு மரியாதையாக வேறொன்றைச் சொன்னார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நஸ்ரின், “சாப்பாஷ் அங்கிள், டென்ஷன் நக்கோ” என்று உற்சாகப்படுத்தினாள். அவர் கடைசி இரண்டு தட்டுகளை முகராமலேயே சொல்லிவிட்டார். வெளியே வந்தபோது, வாழ்க்கையில் இவ்வளவு நேரம் இவ்வளவு கவனமாக ஒன்றுமில்லாததை முகர்ந்ததில்லை என்று தோன்றியது.

ராமச்சந்திரன் இரண்டு அட்டைகளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஜெமிமாவும் வந்து நின்றாள்.

“சார், உங்களுக்கு மூணு சரி.”

தியோடருக்குத் தன்னையறியாமல் பெருமை வந்தது. “மூணா!”

“ஒண்ணும் தெரியாம, கண்ணை மூடிட்டுச் சொன்னதுல மூணு சரி. மூணு கிளாஸ்ல ஒண்ணைக் கை காட்டினா, ஒன்பது தடவைக்குச் சுமாரா மூணு தடவை தானா விழுந்துரும். ரெண்டு விழலாம், நாலு விழலாம். மூக்கு அடைச்சவங்களுக்கும் அப்படித்தானுங்க விழும்.” அவர் ஜெமிமாவின் அட்டையை விரலால் தொட்டார். “இங்க ஒண்ணுகூட விழல.”

தியோடர் இரண்டு அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தப்பு பண்றது சுலபம் சார். ஒண்ணு விடாம எல்லாத்தையும் தப்பாப் பண்ணணும்னா, ஒவ்வொரு தட்டுலயும் எது சரின்னு தெரிஞ்சு, அதை விட்டுட்டுச் சொல்லணும்.”

“அதிர்ஷ்டக் குறைவா இருக்கலாமே சார்?” என்றான் ரயான். அவன் சாஃப்ட்வேர்க்காரன். கணக்கு அவனுக்கு முன்னாலேயே புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

“இருக்கலாம். அதிர்ஷ்டத்தை நம்பி நான் நாசிக்குக்குச் சரக்கு அனுப்பறதில்லைங்க.” ராமச்சந்திரன் ஜெமிமாவைப் பார்த்தார். “நீங்களே சொல்லிருங்க ஜெமிமா.”

ஜெமிமா தன் காலைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். தியோடர், மகள் சின்ன வயதில் பரீட்சைத் தாளை ஒளித்தபோதுகூட இப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. அப்போது அவள் விடை தெரியாமல் தோற்றிருந்தாள்.

“ஆமா சார். எல்லாமே தெரிஞ்சுது. மூடியைத் திறக்கும்போதே தெரிஞ்சுது.”

“ஜெமி…” என்றான் ரயான்.

“முதல் தட்டுல கரெக்டாச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேற பதில் வந்துருச்சு. அதுக்கப்புறம் திரும்ப முடியல.”

ராமச்சந்திரன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தியோடருக்கு எளிதாக இருந்திருக்கும்.

“மூக்கு அடைச்சிருந்தா ஒரு வாரம் லீவு குடுத்திருப்பேன். மிஷினுக்கு நான் அனுப்பினது ஒரு கைப்பிடித் தக்கை. அது நல்ல கைப்பிடியா அமைஞ்சிருக்கலாம்னுதான் உங்களை நம்பிக் காத்திருந்தேன். இன்னைக்கு உங்க பேச்சைக் கேட்டு அந்தச் சரக்கை ஏத்தியிருந்தா? எங்கேயோ ஒருத்தர் கல்யாண நாளுக்குப் பாட்டிலைத் திறப்பாரு, ஒயின் சரியில்லன்னு ஆலைக்காரனைத் திட்டுவாரு. தக்கைன்னு யாருக்கும் தெரியாது. அதைத் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க. பொய் சொல்ற மூக்கை நான் என்ன பண்றது, சொல்லுங்க?”

“சரக்கு நாறுது சார். அது பொய் இல்ல.”

“நம்பறேன். சரக்கை நிறுத்தறேன். உங்களை என்ன பண்றதுன்னு திங்கட்கிழமை சொல்றேன். இப்ப வீட்டுக்குப் போங்க.”

அவர் அட்டைகளை எடுத்துக்கொண்டு நகர்ந்தவர், ரயானிடம் நின்றார். “தம்பி, உங்க வீட்டு நாத்தத்தைப் பத்தி ஜெமிமா சொன்னாங்க. அங்க ப்ளீச்சிங் பவுடர் நிறையப் போடுவாங்களா?”

“போடுவாங்க சார். அம்மா தினமும் கழுவுவாங்க. இப்ப ரெண்டு வேளை. சுவர், கதவு, அலமாரி எல்லாம்.”

“அதுதானுங்க வில்லங்கம். ஈர மரத்துல கொஞ்சம் பூஞ்சை இருந்து, அதுமேல குளோரின் பட்டா இந்த நாத்தம் வரும். கழுவக் கழுவக் கூடும். அங்கேயே இருக்கிற முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. யாருக்காவது ஒருத்தருக்குத் தெரியும்.”

ரயான் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிப்போனது தியோடருக்குத் தெரிந்தது. வீடு நாறுகிறது என்று கேட்டால் யாருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

வாசலில் மூவரும் நின்றார்கள். தியோடர் தன் சட்டை இருந்த பிளாஸ்டிக் பையை மார்போடு அணைத்திருந்தார். பக்கத்து ஃபாக்டரியில் ஷிப்ட் விட்டு ஆட்கள் சாரிசாரியாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

“அப்போ எங்க வீடு நிஜமாவே ஸ்மெல் அடிக்குதா?” என்றான் ரயான்.

“ம்.”

“எவ்வளவு?”

“கரெக்டாச் சொல்லணுமா, உனக்காகச் சொல்லணுமா?”

“கரெக்டா.”

“முன்ரூம் அலமாரி பக்கத்துல நின்னா கண்ணுல தண்ணி வருது.”

ரயான் தலையாட்டினான். “எனக்காக வேலையை விடப் பாத்தியா நீ?”

“அப்படித்தான் நெனைச்சேன். உள்ள போனதும், உங்க அம்மாவுக்காகன்னு நெனைச்சேன். ஞாயித்துக்கிழமை அவங்க முகம்… அது கோபமான்னே எனக்குத் தெரியல ரயான். எனக்கு வாசனை மட்டும்தான் கரெக்டாத் தெரியும்.”

“அம்மாகிட்ட நான் இன்னைக்கே சொல்லியாகணும்” என்றான் ரயான், யாரிடமோ சொல்வதுபோல. “எப்படின்னுதான்…” முடிக்காமல், “நானும் உங்ககூட வீட்டுக்கு வரேன் அங்கிள். எப்படிச் சொல்றதுன்னு லோயிஸ் ஆன்ட்டிகிட்டயும் கேட்டுட்டுப் போறேன்” என்றான்.

லோயிஸ் பெயரைக் கேட்டதும்தான் தியோடருக்கு அந்தச் செய்தி ஞாபகம் வந்தது. போனை எடுத்தார். ‘ஒன்பதும் தப்பு. ஸ்தோத்திரம்.’ பக்கத்தில் இரண்டு நீலக் கோடுகள். கூப்பிட்டார். லைன் பிஸி. மறுபடி கூப்பிட்டார். பிஸி. லோயிஸின் லைன் பிஸி என்றால் அது சாதாரண பிஸி இல்லை.

மல்லாபூரிலிருந்து மாரெட்பள்ளிவரை அவர் எல்லா லாரிகளையும் முந்தினார்.

வீட்டு வாசலுக்கு வரும்போதே நெய்யும் முந்திரியும் வறுபடும் வாசனை, தியோடருக்கே தெரிகிற அளவுக்கு. லோயிஸ் கேசரி கிளறி முடித்து, சாப்பாட்டு மேஜையில் போனை ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தியோடர் உள்ளே கால் வைக்கும்போது அவள் பேச்சு உச்சத்தில் இருந்தது.

“…இவ்வளவு நேரம் எங்க அக்கா வேற லைன்ல இருந்தா, அதான் சம்பந்திம்மா லேட்டு. விஷயம் என்னன்னா, ரிசல்ட் வந்துட்டு. கோளாறு எல்லாம் இவ மூக்குலதான்.”

“லோயிஸ், இரு” என்றார் தியோடர்.

லோயிஸ் கையை உயர்த்தி அவரை அடக்கினாள். “ஒன்பதுக்கு ஒன்பதும் தப்பு. இவங்க அப்பாவே கூட இருந்து பாத்தாங்க. உங்க வீட்டுல ஒரு வாசனையும் கிடையாது. எம்மவதான் சின்னப்பிள்ளை, தெரியாமச் சொல்லிட்டா. மனசுல வச்சுக்கிடாதீங்க.”

லோயிஸ் கணவரைப் பார்த்து, பார்த்தீர்களா என்று புருவத்தை உயர்த்தினாள். ரயான் ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசலில் நின்றான்.

“ஒன்பதுமா?” என்றது ஆக்னஸின் குரல்.

“ஒண்ணு பாக்கியில்ல.”

“அப்போ அந்தப் பொண்ணுக்கும் வரலையா?”

லோயிஸுக்கு இந்தக் கேள்வி புரியவில்லை. “என்ன வரல சம்பந்திம்மா?”

“அந்த வாசனை.” ஆக்னஸின் குரல் கோபமாக இல்லை. ரொம்பக் களைப்பாக இருந்தது. “அவர் போனதுலேர்ந்து எனக்கு வந்துக்கிட்டே இருக்கு. கழுவிக் கழுவிப் பாக்கறேன், போகல. யாருகிட்ட கேட்டாலும் இல்லேங்கறாங்க. ரயான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனான். மனசுலதாம்மா இருக்குன்னு சொல்லி மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. தின்னுக்கிட்டுதான் இருக்கேன். ஞாயித்துக்கிழமை அந்தப் பொண்ணு சொன்னப்போ… நான் உள்ள போய் எவ்வளவு நேரம் அழுதேன் தெரியுமா? ஒருத்திக்காவது வருதேன்னு. அவளைக் கட்டிப் பிடிச்சுக்கணும் போல இருந்துச்சு. அதுக்கு முன்னாடி நிஜந்தானான்னு தெரிஞ்சுக்கிடணும்னுதான் டெஸ்ட் பண்ணச் சொன்னேன்.”

“ஆன்ட்டி!” ஜெமிமா மேஜைக்குப் பாய்ந்தாள். “ஆன்ட்டி, நான் ஜெமிமா. நான் வேணும்னேதான் தப்பாச் சொன்னேன். எனக்கு வருது ஆன்ட்டி!”

“நல்ல பொண்ணும்மா நீ” என்றாள் ஆக்னஸ். “எனக்காகச் சொல்ற. வேண்டாம். ஆறுதல் எல்லாரும் சொல்லியாச்சு.”

“இல்ல ஆன்ட்டி, சத்தியமா…”

“சரி. அப்போ எனக்கு மட்டும்தான்.”

லைன் அறுந்தது.

லோயிஸ் கேசரிக் கரண்டியோடு கணவரைப் பார்த்தாள். “என்னங்க இது? கல்யாணம் உண்டா, இல்லியா? அவ சந்தோஷப்பட்டாளா, அழுதாளா?”

வாசலில் மோட்டார் சைக்கிள் உறுமியது. ரயான் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. பின்னால் ஏறிய ஜெமிமா ஒரு காலில் மட்டும்தான் செருப்பு போட்டிருந்தாள். வண்டி கார்கானா பக்கம் தெருமுனை திரும்புவதைப் பார்த்துக்கொண்டே, தியோடர் மேஜையிலிருந்த போனை எடுத்து ஆக்னஸின் எண்ணை மறுபடி அழுத்தினார்.

மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.